தொலைநிலை மாணவர்களுக்கு மூடுல் வழியாகப் புள்ளியியல்: ஐந்தாண்டு அனுபவம்

பி.காம். தொலைநிலை மாணவர்களுக்குப் புள்ளியியல் நடத்துகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லாரையும் போல நேரலை வகுப்பில்தான் தொடங்கினேன். ஒரு மணி நேரம் விடாமல் பேசுவேன். எதிரே அறுபது கறுப்புக் கட்டங்கள். யாருக்குப் புரிந்தது, யார் அடுப்பங்கரைக்குப் போய்விட்டார் என்று தெரியாது. ஒரு பருவம் அப்படி ஓடியபின் பாடத்தை மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்துக்கு மாற்றினேன். இன்றும் அதில்தான் இருக்கிறேன்.

மூடுல் 2002-இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் சேவையகத்துக்குப் பணம் கட்ட வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். முதல் ஆண்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்த சேவையகம் உள்தேர்வு நடக்கும்போதே படுத்துவிட்டது. எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் பதறிப்போனார்கள். அன்றிலிருந்து எந்தத் தேர்வையும் ஒரே மணி நேரத்தில் வைப்பதில்லை. மூன்று நாள் திறந்து வைக்கிறேன். பகல் ஷிப்டில் இருப்பவர்களுக்கும் அதுதான் வசதி.

என் மாணவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள். நாளைக்கு 1.5 ஜிபி ரீசார்ஜை வீட்டில் இரண்டு மூன்று பேர் பங்கிட்டுக்கொள்வார்கள். அதனால் ஒரு மணி நேரக் காணொளிகளை அடியோடு விட்டுவிட்டேன். செல்பேசியை நோட்டுக்கு நேர் மேலே பொருத்தி, பேனாவால் கணக்குப் போட்டுக்கொண்டே பேசுவேன். ஒரு காணொளியில் ஒரே கணக்கு. எட்டு நிமிடம், மிஞ்சினால் பத்து. என் முகம் தெரிய வேண்டியதில்லை, எழுத்து தெரிந்தால் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவுசெய்தாலே ஒலியில் பாதிக் குறை தீர்ந்துவிடும். மூடுல் செயலியில் பாடத்தை முன்பே இறக்கிவைத்து, இணையம் இல்லாத இடத்திலும் பார்க்கலாம். பஸ்ஸில் போகும்போது பார்க்கிறவர்கள் நிறையப் பேர்.

வினாடி வினாவில் எனக்கு மிகப் பிடித்தது எண்கள் மாறி வரும் கணக்கு. ஒரே வினாவை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு எண்களோடு தளமே கொடுக்கும். பார்த்து எழுத வழியில்லை. வேண்டுமானால் முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அப்படிக் கேட்பதும் படிப்புதானே!

ஆனால் தளம் சரியா தவறா என்று மட்டுமே சொல்லும். எங்கே தவறியது என்பது நோட்டில் இருக்கிறது. அதனால் வாரம் ஒரு கணக்கைக் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு மாணவி தன் ஐந்து மணி நேர உற்பத்தியையே கணக்காக்கி அனுப்பியிருந்தாள்: 48, 56, 60, 64, 72. நோட்டின் ஓரத்தில் ஒரு நூல் துணுக்கும் படத்தில் விழுந்திருந்தது. எண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதைச் சொல்லும் திட்ட விலக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சராசரி 60 சரி. விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டி 320, ஐந்தால் வகுத்து 64, அதோடு நிறுத்தித் திட்ட விலக்கம் 64 என்று எழுதிவிட்டாள்.

வர்க்கமூலம் எடுக்கவில்லை என்று சிவப்பு மையில் எழுதியிருக்கலாம். நாற்பது வினாடி ஒலிக்குறிப்பு அனுப்பினேன்: "உன் எண்களில் சராசரியிலிருந்து மிகத் தள்ளி நிற்பது எது? 12 தள்ளி நிற்கிறது. அப்படியிருக்க விலக்கம் 64 ஆகுமா, பாரம்மா?" இரவு பதினொன்றரைக்குப் பதில் வந்தது. 64-ஐ அடித்து 8 என்று எழுதி, கீழே ஒரு கேள்வி: "அப்படியானால் இந்த 64 எதற்கு மேடம்?" வர்க்கமூலம் எடுக்குமுன் வரும் அந்த 64-தான் மாறுபாடு. மாறுபாடு என்ற அடுத்த பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே பதிவுசெய்தேன்.

இதற்கு நேரம் பிடிக்கும், மறைக்க மாட்டேன். அறுபது படங்களுக்கு வாரம் ஐந்து மணி நேரம் போகிறது. நேரலை வகுப்பைப் பதினைந்து நாளுக்கு ஒன்றாகக் குறைத்துத்தான் அந்த நேரத்தை எடுத்தேன். என் அக்கா அஞ்சல்வழியில் படித்த காலத்தில் புத்தகக் கட்டு தபாலில் வரும். சந்தேகம் வந்தால் அடுத்த நேர்முக வகுப்பு வரை காத்திருக்க வேண்டும். பாதியில் நின்றுபோனவர்கள் பலர் அந்தக் காத்திருப்பில்தான் நின்றார்கள் என்று அவள் சொல்வாள். எனவே ஒரே நாளுக்குள் பதில் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

விவாதப் பகுதி இரண்டாண்டு வெறிச்சோடிக் கிடந்தது. 'ஐயங்களைப் பதிவிடுக' என்றால் யாரும் வரமாட்டார்கள். உங்கள் கடையிலிருந்து, தறியிலிருந்து, பால் கணக்கிலிருந்து பத்து எண்கள் கொண்டுவாருங்கள் என்றேன், வந்தார்கள். ஒருவர் எண்ணுக்கு இன்னொருவர் சராசரி போடுகிறார்.

பத்து நாள் தளத்தில் நுழையாதவர்களின் பட்டியலை வெள்ளிக்கிழமை எடுத்துத் தொலைபேசியில் அழைக்கிறேன். போன வாரம் நால்வர். இருவருக்குச் செல்பேசி பழுது, ஒருவருக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். நான்காமவர் எடுக்கவில்லை, நாளை காலை மறுபடி அழைக்க வேண்டும்.