பிரேக்கப்புக்குப் பிறகு: மனதைக் கொட்டும் டைரியா, வெறும் நாள்குறிப்பா?

பிரேக்கப் ஆனவரிடம் “மனசுல இருக்கறதை எல்லாம் எழுதிடு” என்று சொல்லாத ஆளே கிடையாது. எழுதலாம்தான். ஆனால் அதில் இரண்டு வழி உண்டு. உள்ளே இருப்பதை அப்படியே கொட்டுவது ஒன்று, அன்றைக்கு என்ன செய்தோம் என்று மட்டும் குறித்து வைப்பது இன்னொன்று. இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு நான் இரண்டாவதில் தங்கிவிட்டேன்.

நோட்டா, போனா என்பதை நீட்டி முழக்க வேண்டாம். பழைய சாட்டும் போட்டோவும் கிடக்கிற அதே போனில் எழுத உட்கார்ந்தால் விரல் எங்கே போகும் என்று தெரிந்ததுதான். நோட்டே மேல். அனுப்பாத கடிதம் எழுதுவதும் கொட்டுவதில் ஒரு வகை. அனுப்பிவிடும் அபாயம் மட்டும் கூடுதல்.

கொட்டி எழுதுவதற்கு நல்ல பெயர் சும்மா வந்துவிடவில்லை. 1986-இல் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம், தங்களைப் பாதித்த சம்பவங்களைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்துப்போனது என்பதும் அதே ஆய்வில் வருகிறது. கவனியுங்கள், வெறும் 4 நாள். மாதக்கணக்கில் இல்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்த விஷயம் ஒன்றுதான்: எழுதுகிறவர் ஒரே நினைப்பைத் திரும்பத் திரும்பக் கிளறும் ஆளா, இல்லையா? டேவிட் ஸ்பாராவும் சக ஆய்வாளர்களும் அப்போதுதான் மணவாழ்க்கையில் பிரிந்திருந்த 90 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2013-இல் வந்தது. சிலர் பிரிவைப் பற்றி மனம் திறந்து எழுதினார்கள். மற்றவர்கள் உணர்ச்சியைத் தொடாமல், பொழுது எப்படிப் போனது என்று மட்டும் எழுதினார்கள். ‘ஏன் இப்படி ஆச்சு’ என்று காரணம் தேடிக்கொண்டே இருந்தவர்களில், மனம் திறந்து எழுதியவர்கள் மீள்வது சிரமமானது. சாதாரணமாக எழுதியவர்கள் பல மாதம் கழித்தும் தேவலாம் என்ற நிலையில் இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்த பயிற்சி, மருந்தாக வைத்த பயிற்சியை இவர்கள் விஷயத்தில் முந்திவிட்டது.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நான் கொட்டிய பக்கங்களில் ஒரே சண்டை திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் என் வசனம் மட்டும் கூர்மையாகிக்கொண்டே போகும். நடந்த அன்று எனக்கு அவ்வளவு நன்றாகப் பேச வரவில்லை என்பது வேறு விஷயம்.

நாள்குறிப்பு இப்படி இருக்கும்: “துணி துவைத்தேன். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டேன். சாயங்காலம் தனியாக நடந்தேன், திரும்பும்போது மழை.” படிக்கச் சுவாரசியமே இல்லை. ஆனால் சில வாரம் கழித்துப் புரட்டினால், யாரும் சொல்லாமலே சைக்கிள் அடிக்கடி தலைகாட்டுகிறது. சேர்ந்திருந்த காலத்தில் அதைத் தொட்டதே இல்லை. பிரிவுக்குப் பிறகு ‘நான் யார்’ என்ற தெளிவு குறைகிறது, மனவேதனைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று எரிக்கா ஸ்லாட்டர் குழுவின் 2010 ஆய்வு சொல்கிறது. அந்தத் தெளிவு எனக்கு இந்த மாதிரி சின்ன வரிகளிலிருந்துதான் வந்தது.

ஆனால் எல்லோருக்கும் இதையே சொல்ல மாட்டேன். எதையும் வெளியே காட்டாமல் அமுக்கி வைப்பவருக்கு, அந்த 4 நாள் கொட்டல் நல்லது செய்யலாம். என்னுடையது கல்யாணம் வரை போகாத உறவு. குழந்தை, கோர்ட் என்று இழுபடும் பிரிவில் எது உதவும் என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. அடி உதை இருந்த உறவு என்றால் முதலில் மனநல ஆலோசகர், நோட்டெல்லாம் அப்புறம்.

நாள்குறிப்பில் அழுகைக்கு இடமில்லை என்றும் நினைக்க வேண்டாம். “மதியம் கொஞ்ச நேரம் அழுதேன்” என்று அதையும் ஒரு வேலையாக எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விடலாம்.