நாட்குறிப்பா, படர்க்கையா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்கே குடியேறப் போனவர்களின் வழியான ஓரிகன் பாதையில் மாட்டுவண்டியோடு போன கொள்ளுப்பாட்டியை நாவலாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவளே எழுதும் நாட்குறிப்பு. சுமார் 3,200 கிலோமீட்டர், ஐந்தாறு மாதப் பயணம். விறகு கிடைக்காத சமவெளியில் காய்ந்த காட்டெருமைச் சாணத்தைப் பொறுக்கி அடுப்பு மூட்டுவாள். காலையில் கறந்த பால், வண்டி குலுங்கிக் குலுங்கியே மாலைக்குள் வெண்ணெயாகத் திரண்டிருக்கும். இதெல்லாம் அவள் வாயால் வந்தால்தான் உயிர்.

சரி, அவள் சொல்லாததை என்ன செய்வது? அன்றைய நாட்குறிப்புகளில் கர்ப்பம் பற்றிப் பேச்சே அரிது. திடீரென்று ஒருநாள் குழந்தை பிறந்திருக்கும். அந்த மௌனத்துக்குள் நுழைய, வண்டிகள் கடந்த நிலத்தின் பூர்வகுடிப் பெண்களையும் உள்ளே கொண்டுவர, இரண்டாவது வழியான, ‘அவள்’ என்று வெளியிலிருந்து கதை சொல்லும் படர்க்கைதான் தோது. நான் அதையே எடுப்பேன். ஆனால் அந்த வெண்ணெயை விடமாட்டேன்.