தையல் இல்லாத ஸ்வெட்டரும் ஐந்து குளிர்காலமும்

முதல் ஸ்வெட்டரைப் பின்னி முடித்து மாட்டிக்கொண்டது 2020 டிசம்பரில். அன்றிலிருந்து ஐந்து குளிர்காலம் ஓடிவிட்டது. கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் முறையில், நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியால், எனக்கு மூன்றும் மகளுக்கு ஒன்றுமாக நான்கு ஸ்வெட்டர் பின்னியிருக்கிறேன். முடித்த அன்று எடுத்த போட்டோவில் எல்லா ஸ்வெட்டரும் அழகாகத்தான் இருக்கும். பத்துத் தரம் துவைத்து, பஸ்ஸிலும் அடுப்படியிலும் போட்டுத் திரிந்த பிறகு அதன் கதி என்ன என்று நான் பின்னத் தொடங்கியபோது தேடினேன், அதிகம் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது குன்னூரில். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் இங்கே ஸ்வெட்டரைக் கழற்ற மார்ச் ஆகும். ஊட்டியைப் போல உறைபனி விழும் ஊர் இல்லை, ஆனால் இந்த ஈரக்குளிர் எலும்பு வரை போகும். ஊட்டியில் திபெத்தியர் கடைகளுக்குப் போனால் நான் நூலுக்குக் கொடுக்கும் காசில் ரெடிமேட் ஸ்வெட்டரே வாங்கிவிடலாம். ஒவ்வொரு முறை நூல் வாங்கும்போதும் வீட்டுக்காரர் இதைச் சொல்லிக்காட்டுவார். சொல்லட்டும்.

குரோஷா எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அத்தை, அதாவது மாமியார். கான்வென்டில் படித்தவர், மேசை விரிப்புக்கும் தலையணை உறைக்கும் ஓரப்பின்னல் போட்டே கை பழகியவர். ஒரே துண்டாக, தையலே இல்லாமல் ஸ்வெட்டர் பின்னப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு கைன்னு தனித்தனியாப் பின்னி ஜாயின்ட் பண்ணும்மா. தையல் இருந்தாத்தான் தோள் நிக்கும்" என்றார். பழைய காலத்துப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். அது எவ்வளவு சரி என்று தெரிய இரண்டு வருடம் ஆனது.

முறை சுலபம். கழுத்தளவுக்குச் சங்கிலி போட்டு வட்டமாகச் சேர்க்க வேண்டும். அந்தக் கண்ணிகளை முன், பின், இரண்டு கை என்று பிரித்து, நான்கு மூலையிலும் ஒரு ஊக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மூலைக்கும் இரு பக்கமும் ஒரு கண்ணி கூட்டினால் சுற்றுக்கு 8 கூடும்; கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக நான்கு கோடு இறங்கும். ராக்லன் கை என்பது இதுதான். வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த ராக்லன் பிரபுவின் பெயர் அது. அக்குள் வந்ததும் கைக்கான கண்ணிகளைத் தாண்டிவிட்டு, நடுவில் கொஞ்சம் சங்கிலி போட்டு, முன்னையும் பின்னையும் சேர்த்து உடம்பைப் பின்னிக்கொண்டே போகலாம். இரட்டை ஊசிப் பின்னல் என்றால் தாண்டிய கண்ணிகளை அவிழாமல் தனி நூலில் கோத்து வைக்க வேண்டும். குரோஷாவில் எப்போதும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி, அதனால் அந்தத் தொல்லை இல்லை.

இதில் முதலிலேயே ஒரு அடி வாங்கினேன். கண்ணி வகைகளுக்கு அத்தை சொல்லித்தந்தது பிரிட்டிஷ் பெயர்கள். நான் பார்த்த வீடியோ அமெரிக்கப் பெண்மணியுடையது. அவர் டபுள் என்று சொல்வது நமக்கு ட்ரெபிள். நம் டபுள் அவருக்கு சிங்கிள். இது தெரியாமல் அவர் சொன்ன இடத்தில் எல்லாம் அத்தையின் டபுளைப் போட்டேன். கண்ணியின் உயரம் பாதிதான் வந்தது, ஆனால் கூட்டல் மட்டும் சுற்றுக்கு எட்டு எட்டாக ஏறியது. பத்தாவது சுற்றில் கழுத்தைச் சுற்றி மிதியடிக் கனத்தில் ஒரு கொசுவம் எழும்பி நின்றது. மகள் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இரண்டு நாள் விளையாடினாள். அப்புறம் பிரித்துப் போட்டேன். இதில் நான் எழுதும் பெயர்கள் எல்லாம் பிரிட்டிஷ் கணக்கு.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். எனக்கு 5 மில்லிமீட்டர் ஊசியில் 10 சென்டிமீட்டருக்கு 14 ட்ரெபிள் வருகிறது. 76 சங்கிலியில் தொடங்கினேன்: மூலைக்கு ஒன்றாக 4, முன்னுக்கு 26, பின்னுக்கு 26, கைக்குப் பத்துப் பத்து. 17 சுற்றில் 212 கண்ணி. அக்குளுக்குப் பக்கத்துக்கு 10 சங்கிலி. முன்னும் பின்னும் அறுபது அறுபது, மூலை 4, அக்குள் 20 என்று உடம்பைச் சுற்றி 144 கண்ணி. 103 சென்டிமீட்டர் வரும். என் மார்பளவு 95, ஆக உள்ளே ஒரு சட்டை போட இடம் இருக்கும். மாதிரித் துண்டு பின்னாமல் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னிய துண்டைத் துவைத்து, காயவைத்து, அப்புறம் அளக்க வேண்டும். நான் முதல் முறை துவைக்காமல் அளந்தேன்.

முதலில் பின்னியது மெரூன் நிற அக்ரிலிக். கடையில் எல்லாரும் உல்லன் நூல் என்றுதான் கேட்கிறோம், ஆனால் லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் அக்ரிலிக்தான் இருக்கும். எடை 520 கிராம். போட்டுப் பார்த்துப் பார்த்துப் பின்ன முடிவதுதான் இந்த முறையில் எனக்குப் பெரிய சந்தோஷம். அக்குள் வந்ததும் தலைவழியாக மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கலாம்; இறுக்கமாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தனித்தனித் துண்டாகப் பின்னியிருந்தால் கடைசித் தையல் போட்ட பிறகுதான் தெரியும், அழுகையும் அப்போதுதான் வரும்.

குறைகள் மெல்ல மெல்ல வெளியே வந்தன. ஒரே திசையில் சுற்றிச் சுற்றிப் பின்னியதால் ஒவ்வொரு கண்ணியும் கீழ்க் கண்ணிக்குச் சற்று வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. நடு முதுகில் தொடங்கிய சுற்று இணைப்புக் கோடு கீழ் விளிம்புக்கு வரும்போது இடுப்பின் பக்கவாட்டை நெருங்கியிருந்தது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பின்னலைத் திருப்பிப் போட்டு எதிர்த் திசையில் பின்னினால் கோடு நேராக நிற்கும். அடுத்த ஸ்வெட்டரிலிருந்து அப்படித்தான் செய்கிறேன். கையையும் மறக்காமல் அப்படியே திருப்பித் திருப்பிப் பின்ன வேண்டும், இல்லாவிட்டால் கை ஒரு துணி, உடம்பு வேறு துணி என்று தெரியும். அக்குள் முனைகளில் ஒரு ஓட்டை விழும். அங்கே இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக எடுத்தால் மூடிவிடும்.

ஆனால் உண்மையான பிரச்சினை கழுத்துதான். முடித்தபோது 54 சென்டிமீட்டர். இரண்டாவது குளிர்காலம் முடிவதற்குள் 63. ஒரு பக்கத் தோளில் உள்சட்டைப் பட்டை தெரிய ஆரம்பித்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் மொத்த ஸ்வெட்டரும் கூடவே எழும்பி, திரும்ப உட்காரும்போது கோணலாக உட்காரும். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. காபி டம்ளரை வைத்துவிட்டு என் தோளை இழுத்து நேராக்கிவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். தைத்த ஸ்வெட்டரில் தோள் தையல் ஒரு கயிறு மாதிரி. பின்னல் எவ்வளவு நீண்டாலும் தையல் நீளாது. எடையைத் தாங்குவது அதுதான். ஒரே துண்டுப் பின்னலில் அந்தக் கயிறு இல்லை. அரைக் கிலோ நூல் முழுதும் கழுத்து வட்டத்திலும் அதையொட்டிய நாலு சுற்றிலும் தொங்குகிறது. குரோஷாவுக்கு இரட்டை ஊசிப் பின்னலைவிட நூல் கூடுதலாகச் செலவாகும், அதனால் எடையும் கூடுதல். தையலை எடுத்துவிட்டேனே தவிர, தையல் பார்த்த வேலையை வேறு எதற்கும் கொடுக்கவில்லை.

மருந்து சின்னதுதான். ஸ்வெட்டரை உள்பக்கம் திருப்பி, பின்கழுத்தின் அடியிலும் நான்கு ராக்லன் கோட்டின் மேலும் 4 மில்லிமீட்டர் ஊசியால் ஒரு வரிசை ஸ்லிப் ஸ்டிட்ச், அதாவது உயரமே இல்லாத கண்ணி, ஓட்டினேன். ஸ்லிப் ஸ்டிட்சுக்கு நீளும் குணம் குறைவு. வெளியே தெரியவும் தெரியாது. கழுத்து விளிம்பில் கண்ணி குறைத்து இரண்டு சுற்று டபுள். 63 மறுபடி 55 ஆனது. தலை நுழையுமா என்று ஒவ்வொரு வரிசைக்கும் போட்டுப் பார்த்தேன், ஏனென்றால் இதை இறுக்கிவிட்டால் ஸ்வெட்டர் தலைக்கு மேலேயே நிற்கும்.

கழுத்தில் இன்னொரு விஷயம். முன்னும் பின்னும் ஒரே மாதிரி பின்னினால் முன்பக்கம் தொண்டையைப் பிடிக்கும், பின்பக்கம் இறங்கும். நம் கழுத்து முன்னால் சாய்ந்தல்லவா இருக்கிறது. எனக்கான மூன்றாவது ஸ்வெட்டரில் முதல் நான்கு வரிசையை வட்டமாகச் சேர்க்கவில்லை. பின்பக்கமும் கைகளும் மட்டும் போய்த் திரும்பி, ஐந்தாவதில்தான் முன்பக்கத்துக்குச் சங்கிலி போட்டுச் சேர்த்தேன். பின்கழுத்து 5 சென்டிமீட்டர் உயர்ந்தது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே இனி பழைய முறைக்குப் போக மாட்டேன்.

மெரூன் ஸ்வெட்டரின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தைச் சரிசெய்து ஒரு வருடம் நன்றாகப் போட்டேன். ஒரு நாள் வீட்டில் இஸ்திரி மூட்டையோடு அதுவும் போய்விட்டது. திரும்பி வந்தபோது மடிப்பு கச்சிதமாக இருந்தது, பின்னலில்தான் உயிர் இல்லை. அக்ரிலிக் சூட்டில் இளகிவிடும். தட்டையாகி, பளபளத்து, ஈரத்துணி மாதிரி தொங்க ஆரம்பித்தது. துவைத்தாலும் திரும்பவில்லை. இப்போது விடியற்காலையில் பால் வாங்கப் போக மட்டும்.

இரண்டாவது பின்னியது பருத்தி நூலில். வெயில் காலத்துக்கும் ஆகும் என்று ஆசைப்பட்டேன். குன்னூருக்கு அது தோதே இல்லை. 780 கிராம்; நனைந்தால் தூக்க முடியாது. நவம்பர் மழையில் ஒரு முறை துவைத்துவிட்டு நான்கு நாள் காயாமல் வாடை வந்தது. கொடியில் போட்டதால் கை விரல் நுனியைத் தாண்டியது. எந்த நூலாக இருந்தாலும் குரோஷா ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கப்போடக் கூடாது. டவலில் சுருட்டிப் பிழிந்து, கட்டிலில் பரத்தி, அளவுக்கு இழுத்துவிட்டுக் காயவைக்க வேண்டும்.

மகளுடையதைப் பின்னியது 2021இல், அவளுக்கு 6 வயது. கழுத்திலிருந்து இறங்கும் முறை குழந்தைகளுக்கென்றே வந்தது மாதிரி. அடுத்த வருடம் கீழ் விளிம்பை ஒரு சுற்று பிரித்து, விட்ட இடத்திலிருந்து 6 சென்டிமீட்டர் கூட்டினேன், கைக்கும் அப்படியே. பழைய நூல் வெளுத்திருந்ததால் புது நூல் பொருந்தவில்லை. ஆகவே வேறு நிறத்தில் பட்டை போட்டேன், வேண்டுமென்றே போட்டது போல இருந்தது. அதற்கடுத்த வருடம் இன்னொரு பட்டை. நான்காவது வருடம் தோள் பிடித்தது. நீளத்தைக் கூட்டலாம், தோளைக் கூட்ட முடியாது. என் தம்பி மகளுக்குப் போய்விட்டது.

எனக்கான மூன்றாவது, கம்பளி கலந்த நூல், 560 கிராம், 2022 கடைசியில் முடித்தது. உள்பக்க ஸ்லிப் ஸ்டிட்ச் தொடக்கத்திலிருந்தே உண்டு. மூன்று குளிர்காலத்துக்குப் பிறகு கழுத்து 54ஆக இருந்தது 55. முழங்கையிலும் பை உரசும் இடுப்பிலும் பந்து பந்தாக நூல் திரள்கிறது. பழைய ரேஸரை மெல்ல ஓட்டி எடுத்துவிடுகிறேன். ட்ரெபிள் இடுக்கில் காற்று புகும், ஸ்கூட்டரில் போனால் நன்றாகவே தெரியும். இன்னொரு முறை என்றால் உடம்புக்கு ட்ரெபிளைவிட உயரம் குறைந்த ஹாஃப் ட்ரெபிள்தான். துவைப்பது பூந்திக்கொட்டைத் தண்ணீரில், பச்சைத்தண்ணீரில், குளிர்காலத்துக்கு மூன்று தடவை, அவ்வளவே. நூல் வாங்கும்போது லேபிளில் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய நூலுக்கான எண்) ஒன்றா என்று பார்த்து ஒரு உருண்டை கூடுதலாக எடுத்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டேன். முழங்கைக்கு அது வேண்டியிருக்கும்.

இப்போது ஊசியில் இருப்பது ஐந்தாவது, பதினோராவது சுற்றில் நிற்கிறது. அத்தைக்கு. சாம்பல் நிறம் அவரே தேர்ந்தெடுத்தார். நேற்று போட்டுப் பார்க்கச் சொன்னபோது கண்ணாடியில் இரு தோளையும் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கு மட்டும் தோள்ல ஒரு தையல் போட்டுக் குடுத்துடும்மா" என்கிறார்.