அப்ரூவல் யாருக்குப் போகணும்: ஃப்ளோல பேர் அடிக்கிறதா, மேனேஜரைத் தேடுறதா, தனி லிஸ்ட்டா?

பவர் ஆட்டோமேட்ல (வேலைகளைத் தானா ஓட வைக்கிற மைக்ரோசாஃப்ட் டூல்) அப்ரூவல் ஃப்ளோ, அதாவது ஒப்புதல் கேட்டு அனுப்புற தானியங்கி வேலை வரிசை, வெச்சிருக்குற எல்லாருக்கும் தெரிஞ்ச தலைவலிதான், டாஸ்க் வேற ஆளுக்குப் போயிடும், இல்லன்னா யாருக்குமே போகாது. அசைன் பண்ண மூணு வழி இருக்கு. எங்க ஆபீஸ் பர்ச்சேஸ் ரிக்வெஸ்ட்டுக்கு மூணையும் ஓட்டிப் பார்த்துட்டு இப்ப ஷேர்பாயிண்ட் லிஸ்ட்டுக்கு (மைக்ரோசாஃப்ட்டோட ஆன்லைன் அட்டவணை) வந்துட்டோம், அதனால நான் எந்தப் பக்கம்னு முன்னாடியே சொல்லிடுறேன்.

அப்ரூவல் ஸ்டெப்ல டாஸ்க் யாருக்குன்னு கேக்குற அசைன்டு டூ கட்டத்துல நேரா மெயில் ஐடி அடிக்கிறது அஞ்சு நிமிஷ வேலை. ஒருத்தருக்கு மேலன்னா நடுவுல செமிகோலன் போடணும், அவ்ளோதான்.

கெட் மேனேஜர் ஆக்‌ஷன், ரிக்வெஸ்ட் போட்டவரோட மேனேஜரை என்ட்ரா ஐடி-ல (கம்பெனி ஆட்களோட அக்கவுண்ட் இருக்குற மைக்ரோசாஃப்ட் டைரக்டரி) இருந்து தானா எடுத்துக்கும். லீவ் அப்ரூவலுக்கு நல்லாருக்கும். ஆனா அங்க மேனேஜர் ஃபீல்டு காலியா இருந்தா 404 எரரோட அந்த ஸ்டெப்லயே நின்னுடும், எம்.டி. ரிக்வெஸ்ட் போட்டாலும் இதே கதிதான். அதுபோக பர்ச்சேஸை ஃபைனான்ஸ்ல யார் பார்க்கணும்ங்குறதுக்கும் உங்க மேனேஜர் யாருங்குறதுக்கும் சம்பந்தமே இல்லயே.

லிஸ்ட்ல டிபார்ட்மென்ட், தொகை வரம்பு, அப்ரூவர், பேக்கப் அப்ரூவர்னு தனித்தனி காலம் (column) வெச்சு, ஃப்ளோ அதை கெட் ஐட்டம்ஸ்ங்குற ஸ்டெப்ல படிச்சுக்கும். இதுல முக்கியமான விஷயம் ஒண்ணே ஒண்ணு, ஆள் மாறும்போது யார் சரி பண்றாங்கங்குறது. ஒருத்தர் வேலையை விட்டுப் போய் அக்கவுண்ட்டை எடுத்துட்டாங்கன்னா, மெயில் ஐடி அடிச்சு வெச்ச ஒவ்வொரு ஃப்ளோவும் 'அசைன்டு டூ-ல சரியான யூசர் யாரும் இல்ல'ன்னு ஃபெயில் ஆகும், அது எந்தெந்த ஃப்ளோன்னு தேடிக் கண்டுபிடிச்சு எடிட் பண்ண ஃப்ளோ தெரிஞ்ச ஆள்தான் வரணும், மேனேஜர் ஃபீல்டுன்னா ஐடி டீமுக்கு டிக்கெட் போட்டுட்டு காத்திருக்கணும், லிஸ்ட்டுன்னா அட்மின்ல இருக்குற அக்காவே ஒரு வரியை மாத்திட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க.

லிஸ்ட்டுக்கும் குறை இருக்கு, அதுவும் கொஞ்சம் மோசமான குறை. ஃபில்டர்ல எந்த வரியும் மாட்டலன்னா கெட் ஐட்டம்ஸ் எரர் காட்டாது, காலியாத்தான் திரும்பும், வரிக்கு ஒரு தடவை சுத்துற அப்ளை டூ ஈச் லூப் ஒரு தடவைகூட சுத்தாது, ரன் ஹிஸ்டரியில பச்சை டிக் விழுந்துடும். டாஸ்க்கே உருவாகலன்னு யாருக்கும் தெரியாது. மத்த ரெண்டு வழியிலயும் சிவப்பா ஃபெயில் ஆனாலாவது கண்ணுல படும். அதனால கெட் ஐட்டம்ஸுக்கு அடுத்து கிடைச்ச வரிகளோட எண்ணிக்கை (லெங்த்) பூஜ்யமான்னு ஒரு கண்டிஷன் வெச்சு, ஆமான்னா பொதுவான ஒருத்தருக்கு அனுப்பிடுங்க, இது இல்லாம லிஸ்ட் முறையை ஆரம்பிக்கவே வேண்டாம்.

லிஸ்ட்டோட அப்ரூவர் காலத்துல (column) பல பேரை செலக்ட் பண்ண விட்டிருந்தா இன்னொண்ணு பாருங்க. டைனமிக் கன்டென்ட்ல (முந்தின ஸ்டெப்களோட மதிப்புகளைக் காட்டுற பட்டியல்) அதை எடுத்ததும் அப்ரூவலைச் சுத்தி தானா ஒரு அப்ளை டூ ஈச் வந்து உக்காந்துக்கும், முதல் ஆள் பதில் சொன்னாதான் ரெண்டாவது ஆளுக்கே டாஸ்க் போகும். 'எனக்கு வரவே இல்ல'ன்னு வர்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். செலக்ட்ங்குற ஸ்டெப்ல மெயிலை மட்டும் எடுத்து, ஜாயின்ங்குற ஸ்டெப்ல செமிகோலன் போட்டு ஒரே வரியா குடுத்தா எல்லாருக்கும் ஒரே நேரத்துல போயிடும். கிளைம்ஸ்னு ஒண்ணு பக்கத்துலயே இருக்கும், அதை எடுத்துடாதீங்க, ஈமெயில்தான் வேணும்.

ஆயிரக்கணக்குல ஆள் இருந்து, எச்.ஆர். சாஃப்ட்வேர்ல இருந்து என்ட்ரா ஐடி-க்கு தினமும் டேட்டா ஓடுற கம்பெனின்னா கெட் மேனேஜரே ஜெயிக்கலாம், அந்த அளவுல நான் ஓட்டினதில்ல.

லிஸ்ட்ல பேரை மாத்தினா புது ரிக்வெஸ்ட்டுக்குத்தான் அது செல்லும். ஏற்கனவே போன டாஸ்க் பழைய ஆள்கிட்டயேதான் இருக்கும். அவர் ஆபீஸ்ல இருக்கும்போதே ரீஅசைன் பண்ணச் சொல்லிடுங்க, ஏன்னா ஒரு ஃப்ளோ ரன் 30 நாளைத் தாண்டினா டைம் அவுட் ஆயிடும்.