பெரம்பூர் பக்கம் பசங்க ஃபுட்பால் கிளப்: சுமாரா ஆடற பையனோட அம்மா எழுதற ரிவ்யூ

போன வருஷம் ஜூன்ல இருந்து என் பையன் (11 வயசு, ஆறாவது படிக்கிறான்) வட சென்னைல பெரம்பூர் வியாசர்பாடி பக்கம் ஒரு ஃபுட்பால் கிளப்புக்கு போறான். கிளப் பேரு போடல. ரிவ்யூ எழுதப்போறேன்னு கோச் தம்பிகிட்ட சொன்னேன், "எழுதுக்கா, பேரு மட்டும் போட்டுடாத, இருக்கறது பன்னெண்டு பந்து, பசங்க நாப்பது பேரு, இன்னும் நாப்பது வந்து நின்னா நான் எங்க போவேன்"ன்னாரு. நியாயம்தான். காலைல அஞ்சே முக்காலுக்கு அந்த ஏரியால எங்க புழுதி பறக்குதோ அங்க போய் பாருங்க, நாலஞ்சு கிளப் இருக்கும், அதுல ஒண்ணு.

முதல்லயே சொல்லிடறேன், என் பையன் பெரிய ஆட்டக்காரன்லாம் இல்ல. பேரன்ட்ஸ் எழுதற ரிவ்யூல எல்லாம் என் பையன் செலக்ட் ஆயிட்டான், கப்பு வாங்கிட்டான்னுதான் இருக்கு, சுமாரா ஆடற புள்ளைய எப்படி பாத்துக்கறாங்கன்னு ஒருத்தரும் எழுதல, நான் தேடித்தேடி பாத்துட்டேன்.

இதுக்கு முன்னாடி டர்ஃப்ல (செயற்கை புல்லு தரைல) நடக்கற ஒரு அகாடமில ஒரு வருஷம் சேத்திருந்தோம். மாசம் 3,500, ஜெர்சிக்கு தனி காசு, வாரத்துக்கு மூணு நாள். நெட்டு, லைட்டு, பச்சைப்பசேல்னு தரை, மாசாமாசம் ரிப்போர்ட் கார்டு வேற, பன்னெண்டு மாசமும் அதுல "நல்ல முன்னேற்றம்"தான். இங்க வந்த மூணாவது நாள் கோச் என்னை ஓரமா கூப்ட்டு, "அக்கா, இவனுக்கு ஒரு கால்தான் இருக்கு"ன்னாரு. எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம்தான் விளங்குச்சு, இடது காலால பந்தை தொடவே மாட்டேங்கறான், பந்து இடது பக்கம் வந்தாலும் உடம்பையே சுத்தி திருப்பி வலது காலுக்கு கொண்டு வரான், அதுக்குள்ள எதிர் டீம் பையன் வந்து புடுங்கிட்டு போயிடறான். ஒரு வருஷம் ஃபீஸ் கட்டினோம், இதை ஒருத்தரும் சொல்லல பாருங்க.

அதுக்கு அவர் பண்ண வைத்தியம் என்னன்னா, இடது கால்ல மட்டும் ஸ்டட்ஸ் (அடில குமிழ் வெச்ச ஃபுட்பால் ஷூ), வலது கால்ல பழைய கான்வாஸ் ஷூ. வலது கால்ல ஓங்கி அடிச்சா விரல் நோவும், அதனால தானா இடது காலை தூக்குவான். ரெண்டு மாசம் ஜோடி சேராத செருப்பு போட்டவன் மாதிரி ஓடிட்டு இருந்தான், மத்த பசங்க சிரிச்சாங்க, இப்ப இடது காலால பாஸ் போடறான். கோல்லாம் இல்ல, பாஸ்தான். எனக்கு அது போதும்.

ஃபீஸ் மாசம் 300. குடுக்க முடியாதவங்ககிட்ட கேக்கறதே இல்ல, யாரு குடுக்கறாங்க யாரு குடுக்கலன்னு பசங்களுக்கு தெரியாது, இது எனக்கு ரொம்ப புடிச்சுது. சின்ன பசங்களுக்கு சைஸ் 4 பந்துதான், பெரிய 5ஆம் சைஸ தர மாட்டாங்க. கிரவுண்டு ஃபுல்லா ஓட விடாம கோன் வெச்சு சின்ன சின்ன கட்டமா பிரிச்சு நாலுக்கு நாலு ஆட விடறாங்க, அதனால ஒவ்வொருத்தன் கால்லயும் பந்து பட்டுக்கிட்டே இருக்கு. தரை மேடும் பள்ளமும்தான். பந்து எப்ப எகிறும்னே தெரியாது, அதனாலதான் இந்த ஏரியா பசங்களுக்கு கால்ல பந்து ஒட்டுதுன்னு பெருசுங்க சொல்றாங்க, இருக்கலாம், ஆனா முட்டி சிராய்ப்புக்கு டெட்டால் வாங்கறது நான்தான்.

ஸ்கூலுக்கு மட்டம் போட்டா அந்த வாரம் மேட்ச் கிடையாது. டீம்ல நல்லா ஆடற ஃபார்வர்ட் பையனையே ஒரு தடவை உக்கார வெச்சாரு, அந்த மேட்ச் 3-0ன்னு தோத்தாங்க, மனுஷன் அசரல.

பசங்களுக்கு இங்க சாமி நந்தகுமார் சேகர்தான். வியாசர்பாடிலேர்ந்து போய் 2023 டூரண்ட் கப்பு டோர்னமென்ட்ல ஈஸ்ட் பெங்கால் டீமுக்காக, அதே கொல்கத்தா பரம எதிரி மோகன் பகான் மேல அந்த ஒத்த கோலை அடிச்சாரே, அவரு. ஈஸ்ட் பெங்கால் அந்த டெர்பிய (ஒரே ஊர் டீமுங்க மோதற மேட்ச்) ஜெயிச்சு நாலு வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சாம், என் பையன் அந்த கோலை போன்ல எத்தனை தடவை பாத்திருப்பான்னு கணக்கே இல்ல. அதே வியாசர்பாடி தன்பால் கணேஷ் 2018ல ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கப்பு அடிச்ச சென்னையின் எஃப்சி டீம்ல இருந்தாரு. அதனால பேரன்ட்ஸ் மீட்டிங்ல எல்லாரும் ஐஎஸ்எல், இல்லன்னா கவர்மென்ட் வேலைல 3% ஸ்போர்ட்ஸ் கோட்டான்னு பேசுவாங்க. கோச் அந்த பேச்சையே எடுக்க விட மாட்டாரு, "மொத பத்தாவது பாஸ் பண்ணட்டும்"னு முடிச்சிடுவாரு.

குறைங்க நிறைய இருக்கு. வாட்ஸப் குரூப்புல ராத்திரி பதினொண்ணு மணிக்கு மெசேஜ் வரும், காலைல அஞ்சரைக்கு மேட்ச்னு. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் பாதி நாள் ப்ராக்டீஸ் இல்ல, கிரவுண்டு குளமாயிடும், நாலு தூறல் போட்டா வழில இருக்கற சப்வேல தண்ணி நின்னுடும், சுத்திக்கிட்டுதான் போகணும். முழங்காலுக்கு கீழ போடற பேட் கட்டாயம்னு இவங்க சொல்றதில்ல, நீங்களே வாங்கிக் குடுத்துடுங்க. அடிபட்டா ஐஸ் எதிர் ஜூஸ் கடைலேர்ந்துதான் வரணும்.

பொங்கல் டோர்னமென்ட்ல என் பையனை ரெண்டு நாளும் ஒரு நிமிஷம் கூட இறக்கல. தண்ணி பாட்டில் தூக்கிட்டு சைடுல நின்னான். லீக்ல எல்லாரையும் இறக்குவேன், கப்பு மேட்ச்ல முடியாதுன்னு கோச் சொல்றாரு, சரி, அதை முன்னாடியே பையன்கிட்ட சொல்லியிருக்கணும் இல்ல? புது ஜெர்சிய ராத்திரியே மடிச்சு தலைமாட்டுல வெச்சுக்கிட்டு தூங்கினான் அவன். இதை நேர்லயே கேட்டுட்டேன், அதான் தைரியமா எழுதறேன். இன்னொண்ணு, எதிர் டீம்ல "12 வயசுக்கு கீழ"ன்னு வந்த ரெண்டு பேருக்கு மீசை இருந்துச்சு. நம்மாளு பர்த் சர்டிஃபிகேட் இல்லாம யாரையும் இறக்கறதில்ல, அதுக்கு கும்பிடு போடணும்.

பெரிய குறை பாத்ரூம். ஆறு பொண்ணுங்க சேந்தாங்க, அதுல ஒருத்தி எங்க பையன் பேட்ச்லயே வேகமா ஓடறவ. தமிழ்நாடு லேடீஸ் டீம் 2018லயும் 2023லயும் நேஷனல் சாம்பியன், மதுரை சேது எஃப்சி இந்தியன் விமன்ஸ் லீக்கே அடிச்சிருக்கு, இங்க இந்த புள்ளைங்க பக்கத்து தெரு வீட்டுக்கதவை தட்டிட்டு நிக்குதுங்க. அதுல ரெண்டு பேரு ஏழாவது வந்ததும் நின்னுட்டாங்க. இது கிளப் கைல இல்லன்னு சொல்றாங்க, கிரவுண்டு அவங்களோடது இல்லயாம். இருந்தாலும் ஒரு ஸ்டார் அதுக்காக குறைக்கறேன், அஞ்சுக்கு நாலு.

சேக்கறதா இருந்தா ஏப்ரல் மே வேணாம், சம்மர் கேம்ப் கூட்டம், கோச் முகத்தையே பாக்க முடியாது. ஸ்கூல் தொறந்து ரெண்டு வாரம் கழிச்சு போங்க, பாதி பேர் நின்னிருப்பாங்க. மொத மாசத்துக்கு காஸ்ட்லி ஷூ வாங்காதீங்க. பழைய கான்வாஸ் ஒண்ணு வீட்ல இருந்தா தூக்கி போட்டுடாதீங்க, உங்க புள்ளைக்கும் ஒரு கால்தான் இருக்கலாம்.