லாத்தூர் (மகாராஷ்டிரா) ரிட்டர்ன் லோடு (திரும்பி வரும்போது ஏத்தற சரக்கு), 25 டன், 69,000 ரூபா நட்டம். வண்டி வச்சிருக்கவங்க படிங்க

இப்பத்தான் போன வச்சேன். கை இன்னும் நடுங்குது. லோடு எறக்கி இன்னிக்கு ஆறாவது நாள், பேலன்ஸ், அதாவது பாக்கி வாடகை, வராதுன்னு லோடு புக்கிங் ஆப்காரங்க தெளிவா சொல்லிட்டாங்க. மொத்தம் 69,000 ரூபா ஒரே டிரிப்புல போச்சு. என்ன மாதிரி ஒத்த வண்டி வச்சு ஓட்டறவங்க யாரும் இதுல மாட்டிக்கக் கூடாதுன்னுதான் எழுதறேன், என்னென்ன பாக்கணும்னு கடைசில வெவரமா சொல்றேன்.

என்னோடது 10 வீல் லாரி, 2019 மாடல், நாமக்கல் வண்டி. 2018ல எடை அளவ ஏத்துனாங்கல்ல, வண்டியும் சரக்கும் சேத்து மொத்தம் 25 டன்னா இருந்தது 28.5 ஆச்சு, அந்த பாசிங்தான் (அனுமதிச்ச எடை). காலி வண்டியே 10.2 டன் வரும். ஆக 18 டன்னு சொச்சம்தான் சரக்கு ஏத்தலாம். ஜவ்வரிசி எறக்கிட்டு லாத்தூர்ல ரெண்டு நாளா ரிட்டர்ன் லோடுக்குக் காத்துக் கெடந்தேன். லோடு புக்கிங் ஆப் ஒண்ணுல (பேரு போடல, அந்த மாதிரி நெறய இருக்கு) நாமக்கல்லுக்கே சோயா புண்ணாக்கு காட்டுச்சு, கோழித் தீவனத்துக்கு வர்றது. 18 டன், டன்னுக்கு 2,600. 46,800 ரூபா வாடகை, வீட்டுக்கே வர்ற லோடு, உடனே ஓகே குடுத்துட்டேன்.

பத்து நிமிஷத்துல ஆப்போட ஏஜென்ட் கூப்புடறான். தமிழ்ல பேசறான். "ஏனுங்ணா நல்லாருக்கீங்களா, நானும் ராசிபுரம் பக்கம்தாங்ணா"ன்னு ஆரம்பிச்சான். வீட்ட விட்டு வந்து 12 நாள் ஆச்சு, அந்த ஊர்ல நம்ம பேச்சு காதுல விழுந்ததும் மனசு எளகிருச்சு, அதான் உண்மை. 25 டன் ஏத்திக்குங்கங்ணா, மொத்தமா 57,500 வரும்னான். வழியில புடிச்சா என்ன பண்றதுன்னு கேட்டேன். "பைன் எது வந்தாலும் பார்ட்டி (சரக்குக்காரங்க) குடுத்துரும், நான் பொறுப்புங்ணா, நம்மூரு வண்டிக்குக் கெடுதல் நெனப்பனா"ன்னான். மெசேஜ்ல போடு தம்பின்னேன். லோடு ஏறட்டும் போடறேன்னான். லோடு ஏறுச்சு, அட்வான்ஸ் 40,000 வந்துச்சு, மெசேஜ் மட்டும் வரவே இல்ல. அங்கயே நான் வண்டிய நிறுத்தியிருக்கணும்.

ஒரு விஷயம் கவனிங்க. 25 டன்னுக்கு டன் ரேட்டு 2,600 இல்ல, 2,300. அப்ப கணக்குப் போடத் தோணல. 7 டன் சேத்து இழுத்ததுக்கு எனக்குக் கெடைக்கறது வெறும் 10,700. அதுலயும் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் குடுக்கற வண்டி லோடு கனத்துல மூணு சொச்சத்துக்கு எறங்கிருச்சு, டீசல்லயே சில ஆயிரம் போயிருச்சு. பின்பக்கம் ஒரு டயர் சூட்டுல பொளந்துருச்சு. அந்த 7 டன்னுக்கு இன்னொரு வண்டி புடிச்சா இதவிட அதிகமா ஆகும், அந்த வித்தியாசம் பார்ட்டிக்கு மிச்சம்.

ஐதராபாத் தாண்டி கர்னூலும் தாண்டி அனந்தபூர் போற வழியில விடிகாலை ஆர்டிஓ செக்கிங். எடை மேடையில ஏத்துனாங்க, 35 டன்னுக்கு மேல காட்டுச்சு. ஓவர்லோடுக்கு இப்ப 20,000 அடிப்படை பைன், அதுக்கு மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. 2019க்கு முன்னாடி இதே பைன் 2,000ல ஆரம்பிக்கும், டன்னுக்கு ஆயிரம், அந்தக் காலத்து நெனப்புலதான் பல பேரு இன்னும் ஏத்திட்டுத் திரியறோம். எனக்கு 7 டன் கணக்கு, 34,000. கட்டுனாலும் அப்படியே போக முடியாது, கூடுதல் சரக்க எறக்குனாத்தான் வண்டி நகரணும், சட்டம் அதான். ஏஜென்டுக்கு போன் அடிச்சேன். மொத தடவை "பேசிட்டிருக்கேங்ணா", ரெண்டாவது "பார்ட்டி போன் எடுக்கலைங்ணா", மூணாவது தடவைல இருந்து சுவிட்ச் ஆஃப். வெயில்ல சாயங்காலம் வரைக்கும் நின்னுட்டு, வீட்டம்மாவ நகைய வச்சு பணம் போடச் சொன்னேன். இன்னொரு வண்டிக்கு 14,000, மூட்டை மாத்துன கூலி 3,500.

தொப்பூர் கணவாய் எறங்கும்போதுதான் ஒண்ணு தோணுச்சு. இந்த 25 டன்னோட இந்த எறக்கத்துல வந்திருந்தா, பிரேக் சூடாகி புடிக்காமப் போயிருந்தா, முன்னாடி போற காருல ஒரு குடும்பம் இருந்தா? எடை மேடை சீட்டுல ஓவர்லோடுன்னு இருந்தா இன்சூரன்ஸ்காரன் அதையே காரணமா புடிச்சுக்குவான். ரெட்டைப் பாலம் தாண்டற வரைக்கும் நெஞ்சு அடிச்சுட்டே இருந்துச்சு.

தீவன மில்லுல எறக்குன பொறகு பேலன்ஸ் 17,500 கேட்டா, சரக்கு ரெண்டு வண்டில வந்துச்சு, ஒரு நாள் லேட்டு, அதனால பார்ட்டி நிறுத்தி வச்சிருக்காம். பைனப் பத்திக் கேட்டா ஆப்ல 18 டன்னுதான் பதிவாகி இருக்கு, 25 டன்னு நீங்களா ஏத்துனதுங்கறாங்க! கஸ்டமர் கேர்ல மொத நாள் 48 மணி நேரம்னாங்க. அப்பறம் கம்ப்ளெயின்ட் நம்பர் ஒண்ணு குடுத்தாங்க. அப்பறம் இந்தில ஒருத்தர், அந்த ஏஜென்ட் எங்க ஆளே இல்லங்கறார். இன்னிக்கு ஒரு பொண்ணு, "சார் நாங்க வண்டியையும் லோடையும் சேத்து வைக்கறதோட சரி, மத்தது உங்களுக்கும் பார்ட்டிக்கும்"னு சொல்லிட்டு வச்சிருச்சு. சட்டத்துல ஓட்டறவன் மட்டுமில்ல, ஓட்ட வச்சவனும் பொறுப்புன்னு இருக்கு. ஆனா ரசீது என் வண்டி நம்பர்லதானே இருக்கு, பணம் என் வீட்டு நகைதானே.

34,000 பைன், 14,000 வண்டி, 3,500 கூலி, 17,500 பேலன்ஸ். 69,000. டயரும் டீசலும் இதுல சேராது. 10,700க்கு ஆசப்பட்டு 69,000.

வெவரமா எழுதலாம்னு நெனச்சேன், முடியல, மனசு சரியில்ல. பாசிங்குக்கு மேல ஒரு மூட்டை ஏத்தாதீங்க, ஏத்தச் சொன்னா டன் ரேட்டு கொறையுதான்னு மொதல்ல பாருங்க. போன்ல பொறுப்புன்னு சொன்னா நம்பாதீங்க, எழுத்துல வாங்குங்க. லோடு ஏறுன எடத்துலயே எடை போட்டு சீட்ட போட்டோ எடுத்துக்குங்க. நம்மூரு பேச்சப் பேசறான்னு எளகிடாதீங்க.

10ஆம் தேதி டியூ கட்டணும், வண்டி டயர் இல்லாம நிக்குது. இந்த மாதிரி ஆப்கிட்ட இருந்து யாராவது பேலன்ஸ் வாங்கியிருந்தா எப்படி வாங்குனீங்கன்னு சொல்லுங்க.