வேதிச்சமநிலைச் செய்முறைப் பெட்டி: குழாய்கள் அருமை, கையேடுதான் சறுக்கல்

உருக்கி மூடிய இரண்டு நைட்ரஜன் டைஆக்சைடு குழாய்கள், அதே வாயு அடைத்து முனை மூடிய 50 மி.லி. கண்ணாடி சிரிஞ்ச், ஃபெரிக் நைட்ரேட், பொட்டாசியம் தயோசயனேட், கோபால்ட் குளோரைடு கரைசல்கள், ஒரு கையேடு. பெட்டியில் இருப்பது இவ்வளவுதான்.

குழாய்களுக்கு முழு மதிப்பெண். ஒன்றைப் பனிக்கட்டி நீரிலும் மற்றதை 60 டிகிரி வெந்நீரிலும் வைத்தால் முதலாவது வெளிறும், இரண்டாவது அடர்பழுப்பாகும். குழாய்க்குள் இரு வாயுக்கள் ஒன்று மற்றொன்றாக மாறியும் திரும்பியும் சமநிலையில் இருக்கின்றன: நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடும் பழுப்பு நைட்ரஜன் டைஆக்சைடும். டெட்ராக்சைடு டைஆக்சைடாகப் பிரிய மோலுக்குச் சுமார் 57 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதனால்தான் சூடு ஏற ஏறப் பழுப்பு கூடுகிறது. பனிக்கட்டியிலிருந்து எடுத்த கையோடு வெந்நீரில் முக்காதீர்கள். கண்ணாடி விரிசல் விட்டால் வெளியே வருவது நச்சு வாயு.

சிரிஞ்சில்தான் கையேடு சறுக்குகிறது. "அழுத்தினால் நிறம் வெளிறும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 50 மி.லி.யை 25க்கு அழுத்திப் பாருங்கள்: முதலில் நிறம் சட்டென்று அடர்ந்து, பிறகு ஓரளவு குறையும். ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் அழுத்தும் முன் இருந்ததைவிட அடர்த்தியாகவே நிற்கும். சமநிலை டெட்ராக்சைடு பக்கம் நகர்ந்தாலும், கன அளவு பாதியானதால் டைஆக்சைடின் செறிவு முன்னைவிடக் கூடுதல்தான். வெளிறியது தெரிய வேண்டுமானால் சிரிஞ்சின் நீளவாக்கில், முனைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அங்கே கண்ணுக்குப் படுவது செறிவு அல்ல, டைஆக்சைடின் மொத்த அளவு, அது குறைந்திருக்கும். மெதுவாக நிறம் குறைவதைச் "சமநிலை நகரும் வேகம்" என்று விளக்குவதும் தவறு. இந்த வினை மைக்ரோ விநாடிகளில் சரிசெய்துகொள்ளும். அழுத்தியதில் சூடான வாயு ஆறுவதைத்தான் நாம் பார்க்கிறோம்.

தயோசயனேட் கரைசலைத் தேவைக்கு மேல் செறிவாகக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியே ஃபெரிக் நைட்ரேட்டுடன் கலந்தால் ரத்தச் சிவப்பு. அதற்கு மேல் எதைச் சேர்த்தாலும் மாற்றம் தெரியாது. 0.002 மோலார் தயோசயனேட் 25 மி.லி.யில், 0.2 மோலார் ஃபெரிக் நைட்ரேட் ஐந்து துளி போதும். வெளிர் ஆரஞ்சு வந்ததும் மூன்று குழாய்களில் பிரியுங்கள். ஒன்றை ஒப்பீட்டுக்கு விட்டு, ஒன்றில் ஃபெரிக் நைட்ரேட் சேர்த்தால் சிவப்பு ஏறும். மற்றதில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் ஃபெரிக் அயனி வீழ்படிவாகிச் சிவப்பு போய்விடும்.

கோபால்ட் சோதனைக்கு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நீங்களே வைத்திருக்க வேண்டும். கோபால்ட் குளோரைடு கரைசலில் அதைத் துளித்துளியாக விட்டு, ஊதா வந்ததும் நிறுத்துங்கள். வெந்நீரில் நீலம், பனிக்கட்டியில் இளஞ்சிவப்பு. அமிலம் கூடிப்போனால் பனிக்கட்டியிலும் நீலமாகவே நிற்கும். சில துளி தண்ணீர் விட்டால் சரியாகும். மிச்சக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்க்க வேண்டும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.